"லுக் ஃபார்வர்ட் டு மீட்" ஏன் தப்பு? "சேர் டு சிட்" என்பதில் என்ன குறை?

மாலைவகுப்பு கேட்கிறார்:

வணக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதமும் மின்னஞ்சலும் எழுதச் சொல்லித்தருகிறேன். புத்தகங்களில் இன்ஃபினிட்டிவ் ("டு கோ" போன்ற வினை வடிவம்) ஒரு பாடம், ப்ரிப்பொசிஷன் ("இன்", "ஆன்" போன்ற முன்னிடைச்சொல்) இன்னொரு பாடம், காம்பவுண்ட் நவுன் (கூட்டுப்பெயர்) வேறொரு பாடம். பிழைகளோ இந்த மூன்றும் ஒட்டுகிற இடத்தில்தான் வருகின்றன. திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை:

"ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ."
"ஐ கேம் ஃபார் கலெக்டிங் மை சர்டிஃபிகேட்."
"தேர் இஸ் நோ சேர் டு சிட்."
"ஐ லாகின்ட் யெஸ்டர்டே அண்ட் பேக்கப்ட் தி ஃபைல்ஸ்."
"தி கார்ட் ப்ரிவென்டட் மீ டு என்டர்."

தப்பு என்று சுழித்துவிடலாம். ஏன் என்று கேட்டால் "ஆங்கிலத்தில் அப்படித்தான்" என்பதைத் தாண்டி ஒரு காரணம் வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பிடிபடுகிற மாதிரி விளக்கம் இருந்தால் எழுதுங்கள்.


பிழைதிருத்தி:

முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் "டு" என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் நடமாடுகின்றன. ஒன்று, வினைக்கு முன்னால் நின்று அதை இன்ஃபினிட்டிவ் ஆக்கும் "டு". "ஐ வான்ட் டு கோ" என்பதில் வருவது. மற்றது ப்ரிப்பொசிஷன், அதாவது நம் "-க்கு". "ஐ வென்ட் டு மதுரை" என்பதில் வருவது. முதல் வகைக்குப் பின் வெறும் வினை. இரண்டாம் வகைக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரலாம். அங்கே ஒரு வினையை வைத்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு "-இங்" போட்டுப் பெயராக்கித்தான் வைக்கவேண்டும். நாமும் "வா-க்கு" என்று சொல்வதில்லை, "வருவதற்கு", "வந்ததற்கு" என்று வினையைப் பெயராக்கித்தான் உருபு சேர்க்கிறோம். அதே வேலையைத்தான் அங்கே "-இங்" செய்கிறது.

எது எந்த "டு" என்று பார்க்க ஒரு சோதனை: பின்னால் "இட்" என்று வைத்துப் பாருங்கள். "லுக் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது. "வான்ட் டு இட்" நிற்கவில்லை. நிற்கிற இடமெல்லாம் ப்ரிப்பொசிஷன், அங்கே "-இங்" வேண்டும். ஆகவே "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". இதே சோதனையில் தேறும் மற்றவை: "ஆப்ஜெக்ட் டு", "அக்கஸ்டம்ட் டு", "கமிட்டட் டு", "இன் அடிஷன் டு", "வித் எ வியூ டு", "வென் இட் கம்ஸ் டு". கடிதத்தில் அதிகம் புழங்குபவை இவ்வளவுதான், மனப்பாடம் செய்தாலும் ஒரு நாள் வேலை.

இரண்டு பக்கமும் போகிற சில சொற்கள் உண்டு, குழப்பம் அங்கேதான். "டியூ டு" பாருங்கள். "தி ட்ரெயின் இஸ் டியூ டு அரைவ் அட் சிக்ஸ்" என்றால் ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி, இங்கே இன்ஃபினிட்டிவ். "டிலேய்ட் டியூ டு ரெயின்" என்றால் மழையால் தாமதம், இங்கே ப்ரிப்பொசிஷன். "ரைட் டு" அப்படியே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் "ரைட் டு இன்ஃபர்மேஷன்" என்று பெயர்ச்சொல் வருகிறது; "ரைட் டு வோட்" என்னும்போது வோட் என்பது வினை. "அக்ரீ டு தி ப்ளான்", "அக்ரீ டு கோ" இரண்டும் சரி. "என்டைட்டில்ட் டு எ பென்ஷன்", "என்டைட்டில்ட் டு வோட்" இரண்டும் சரி. இந்த வகையில் "இட்" சோதனை ஏமாற்றும். "அக்ரீ டு இட்" நிற்கிறதே என்று "அக்ரீ டு கோயிங்" எழுதிவிடுவார்கள். செய்யப்போகும் செயலைச் சொன்னால் இவற்றில் வெறும் வினைதான் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

"யூஸ்ட் டு" மூன்று தலை உள்ளது. "ஹி யூஸ்ட் டு டிரைவ்" என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தார், இப்போது இல்லை. "ஹி இஸ் யூஸ்ட் டு டிரைவிங்" என்றால் ஓட்டிப் பழக்கம் இருக்கிறது. "தி நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் ரோப்" என்றால் கயிறு அறுக்கப் பயன்படுகிறது. நடுவில் "இஸ்" இருந்தும் மூன்றாவதில் "கட்டிங்" வரவில்லை, கவனியுங்கள். ஆள் பழகினால் "-இங்", பொருள் பயன்பட்டால் வெறும் வினை.

இரண்டு "டு"வும் ஆதியில் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் வினையின் கடைசியில் "-அன்" என்ற விகுதி வந்தாலே இன்ஃபினிட்டிவ் ஆகிவிடும், முன்னால் எதுவும் வேண்டாம். நோக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் வினை "-என்னெ" என்று நான்காம் வேற்றுமை வடிவம் எடுத்து, முன்னால் ப்ரிப்பொசிஷன் "டோ" நிற்கும். கிட்டத்தட்ட நம் "செய்வதற்கு" போல. நாளடைவில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. முன்னால் நின்ற "டு" மட்டும் மிஞ்சி, வினையின் அடையாளமாக மாறியது. மற்ற வேலைகளில் அது பழைய ப்ரிப்பொசிஷனாகவே தொடர்ந்தது.


செய வாய்பாடு:

மூன்றாவது வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழர்கள் அதிகம் செய்யும் பிழை இது என்று நினைக்கிறேன். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது.

"உட்கார நாற்காலி இல்லை." இதில் நாற்காலிக்கும் உட்காருவதற்கும் உள்ள உறவு ஏழாம் வேற்றுமை: நாற்காலியில் உட்காருகிறோம். ஆனால் அந்த "-இல்" வாக்கியத்தில் எங்கே? இல்லை. "வெட்டக் கத்தி" என்பதில் "-ஆல்" இல்லை. "பேச ஆள்" என்பதில் "-ஓடு" இல்லை. எச்சத்துக்குப் பின் பெயர் வந்தால் உருபைத் தமிழ் விழுங்கிவிடுகிறது, கேட்பவர் அதைத் தானே நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலம் விழுங்காது. உருபைக் கொண்டுபோய் வாக்கியத்தின் வாலில் வைக்கும். "எ சேர் டு சிட் ஆன்." "எ நைஃப் டு கட் வித்." "சம்ஒன் டு டாக் டு."

மாணவர்களுக்குச் சொல்லும் முறை இது. எச்சத்தையும் பெயரையும் எடுத்து ஒரு முழு வாக்கியம் செய்யச் சொல்லுங்கள்: "ஐ சிட் ஆன் தி சேர்." அதிலிருந்து "தி சேர்" என்பதை உருவி முன்னால் கொண்டுபோங்கள். மிச்சம் என்ன? "சிட் ஆன்." அந்த மிச்சத்தை அப்படியே எழுதவேண்டும். "ஐ ரீட் தி புக்" என்பதில் புக்கை உருவினால் "ரீட்" மட்டும் மிஞ்சும், ஆகவே "எ புக் டு ரீட்", வாலில் ஒன்றும் இல்லை. தமிழில் இரண்டாம் வேற்றுமை வருகிற இடமென்றால் பெரும்பாலும் வால் இருக்காது.

"எழுத" என்ற ஒரே எச்சத்தை வைத்து ஒரு பயிற்சி கொடுத்தால் போதும், பாடம் முடிந்துவிடும். எழுதக் காகிதம்: "பேப்பர் டு ரைட் ஆன்." எழுதப் பேனா: "எ பென் டு ரைட் வித்." கடிதம் எழுத ஒரு நண்பர்: "எ ஃப்ரெண்ட் டு ரைட் டு." எழுத ஒரு பத்திரிகை: "எ மேகசின் டு ரைட் ஃபார்." எழுத ஒரு விஷயம்: "எ டாபிக் டு ரைட் அபவுட்." எழுதவேண்டிய கடிதம்: "எ லெட்டர் டு ரைட்." தமிழில் ஆறிலும் வினை அசையாமல் நிற்கிறது, ஆங்கிலத்தில் ஆறுக்கும் ஆறு வால். கடைசியில் இருப்பது வெறும் வால். "எ ஃப்ரெண்ட் டு ரைட்" என்று விட்டுவிட்டால் நண்பரையே எழுதுவது போல் ஆகிவிடும்.

வினையோடு ஏற்கெனவே இரண்டு துணுக்குகள் ஒட்டியிருந்தால் இரண்டும் வாலுக்குப் போகும். "லுக் ஃபார்வர்ட் டு" என்பதை வைத்தே பாருங்கள்: "சம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு." முதல் "டு" இன்ஃபினிட்டிவ், கடைசி "டு" ப்ரிப்பொசிஷன். பிழைதிருத்தி சொன்ன இரண்டும் ஒரே தொடரில். கடைசி "டு"வை மிகையென்று நினைத்து வெட்டுகிறவர்கள் உண்டு, வெட்டக்கூடாது.

விதிவிலக்கு சிறிய கூட்டம்தான். "ப்ளேஸ்", "டைம்", "வே", "ரீசன்" ஆகிய நான்கும் இடம், காலம், வழி, காரணம் என்ற உறவைப் பெயரிலேயே அடக்கி வைத்திருப்பதால் வால் கேட்பதில்லை. "எ ப்ளேஸ் டு லிவ்", "டைம் டு லீவ்", "எ வே டு சால்வ் இட்." ஆனால் ப்ளேஸை ஹவுஸ் என்று மாற்றினால் உடனே "எ ஹவுஸ் டு லிவ் இன்" ஆகிவிடும். "மனி டு பை ஃபுட்" என்பதில் "வித்" போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

மிக முறையான எழுத்தில் வாலை முன்னால் இழுப்பதும் உண்டு: "எ சேர் ஆன் விச் டு சிட்." இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. "விச்" வந்தால் ப்ரிப்பொசிஷனும் கூடவே முன்னால் வரவேண்டும். "எ சேர் விச் டு சிட் ஆன்" என்று பாதியில் நிறுத்தக்கூடாது. சாதாரணக் கடிதத்துக்கு வாலில் வைப்பதே அழகு. ப்ரிப்பொசிஷனில் வாக்கியம் முடியக்கூடாது என்று பழைய பள்ளிகளில் சொல்லித்தந்ததை மறந்துவிடலாம், ஆங்கிலம் அப்படி நடந்ததே இல்லை.


மாலைவகுப்பு:

உருபை விழுங்குவது, வாலில் வைப்பது என்ற விளக்கம் அருமை. எழுதுகிற பயிற்சியை இந்த வாரமே கொடுக்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சிக்கல். நோக்கம் சொல்ல "ஃபார்" போட்டு "-இங்" போடாதே என்று சொல்கிறேன். உடனே "எ மெஷின் ஃபார் கட்டிங் பேப்பர்", "தேங்க் யூ ஃபார் கமிங்" எல்லாம் எப்படிச் சரி என்று கேட்கிறார்கள்.


பிழைதிருத்தி:

நோக்கத்துக்கு "ஃபார்" கூடாது, "டு" மட்டும்தான். "ஐ கேம் டு கலெக்ட் மை சர்டிஃபிகேட்." பெயர்ச்சொல் மட்டும் வைத்தால் "ஐ கேம் ஃபார் மை சர்டிஃபிகேட்" சரி. இரண்டையும் கலந்து "ஃபார் டு கலெக்ட்" என்று எழுதுவதும் தப்பு. நம் "வாங்குறதுக்கு" என்பதில் வரும் "-க்கு"தான் "ஃபார்" என்று இழுத்துவிடுகிறது.


செய வாய்பாடு:

பிழைதிருத்தி சொன்னது சரி, ஆனால் "ஃபார் கமிங்" கேள்விக்கு அது பதில் ஆகவில்லை. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "-க்கு" எந்தக் காலத்தின் மேல் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

"வந்ததற்கு நன்றி." இறந்தகாலம். "தேங்க் யூ ஃபார் கமிங்."
"உதவுவதற்கு வந்தேன்." எதிர்காலம். "ஐ கேம் டு ஹெல்ப்."
"நடைபாதையில் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம்." "ஃபைன்ட் ஃபார் பார்க்கிங் ஆன் தி பேவ்மென்ட்."
"நிறுத்துவதற்கு இடம் தேடினான்." "லுக்ட் ஃபார் எ ஸ்பாட் டு பார்க் இன்."

நடந்து முடிந்ததைக் காரணமாகக் காட்டினால், அதாவது "-ததற்கு", "-யதற்கு", "-னதற்கு" என்று வந்தால் "ஃபார்" கூட்டி "-இங்". இனி நடக்கவேண்டியதை நோக்கமாகக் காட்டினால், "-வதற்கு", "-ப்பதற்கு" என்று வந்தால் "டு" கூட்டி வெறும் வினை. நன்றி, மன்னிப்பு, பாராட்டு, தண்டனை எல்லாம் முதல் கூட்டத்தில் விழும்.

எதிர்கால உருவத்திலும் "ஃபார்" வருகிற ஒரே பெரிய இடம், ஒரு பொருளின் பொதுவான பயன். "காகிதம் வெட்டுவதற்கான இயந்திரம்." ஆள் அதைக் கொண்டு இப்போது என்ன செய்யப்போகிறார் என்பது பேச்சில்லை, பொருள் எதற்காக உண்டானது என்பதுதான் பேச்சு. "திஸ் க்ளாத் இஸ் ஃபார் க்ளீனிங் க்ளாஸ்." "-வதற்கு" என்பதை "-வதற்கான" என்று மாற்றினாலும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். "சான்றிதழ் வாங்குவதற்கான வந்தேன்" பொருந்தாது, ஆகவே "டு".

"ஃபார்" இன்ஃபினிட்டிவோடு சேர்ந்தே வருகிற அமைப்பும் ஒன்று உண்டு. இடையில் செய்கிற ஆள் நிற்கவேண்டும்: "ஐ அம் வெயிட்டிங் ஃபார் ஹிம் டு கம்", "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் எர்லி." குணத்தைப் பாராட்டினாலோ குறை சொன்னாலோ அந்த "ஃபார்" "ஆஃப்" ஆகிவிடும்: "இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு ஹெல்ப்."


இடைமுகம்:

நாலாவது வாக்கியம் என் பக்கம். செயலிகளின் திரைகளில் வரும் சொற்களைச் சரிபார்க்கிறவங்களுக்கு இது தினசரித் தலைவலி. "லாக் இன்" ரெண்டு சொல்லா எழுதினா வினை. "லாகின்" ஒட்டி எழுதினா பெயர். அவ்வளவுதான் விஷயம், ஆனா பெரிய நிறுவனங்களோட திரையிலயே தப்பா இருக்கும். பொத்தான் ஒரு செயலைச் செய்யச் சொல்லுது, அதனால "லாக் இன்". பக்கத்தோட தலைப்பும் "லாகின் ஐடி"யும் பெயர், அதனால ஒட்டி.

சோதிக்க ரெண்டு வழி. ஒண்ணு, இறந்தகாலம் ஆக்கிப் பாருங்க. "லாக்ட் இன்", "பேக்ட் அப்", "சைன்ட் அப்". காலம் நடுவுல போய் உட்காருது பாருங்க, அப்போ அது ரெண்டு சொல்லாத்தான் இருக்கணும். "லாகின்ட்", "பேக்கப்ட்" எல்லாம் இதனாலதான் விகாரமாத் தெரியுது. இன்னொண்ணு, "இட்" போடுங்க. "பேக் இட் அப்", "செட் இட் அப்", "ஷட் இட் டவுன்." இட் நடுவுல நுழையுதுன்னா ஒட்டி எழுத வழியே இல்ல. லாக் இன்ல இட் நுழையாது, அதுக்கு இறந்தகாலச் சோதனையே போதும். முன்னால "டு" இருந்தா யோசிக்கவே வேண்டாம், பிரிச்சு எழுதுங்க: "க்ளிக் ஹியர் டு லாக் இன்." முன்னால "எ", "தி", "மை" இருந்தா ஒட்டுங்க: "மை லாகின்", "எ பேக்கப்", "தி ஷட்டவுன்."

பின்னால "டு" வந்தா அடுத்த குழி. "லாக் இன் டு தி போர்ட்டல்" என்பதுல "இன்" வினையோட சேர்ந்தது, "டு" போர்ட்டலோட சேர்ந்தது. "இன்டு"னு ஒட்டுறவங்க நிறைய, அகராதிகளும் அதை ஏத்துக்குது. ஆனா "சைன் இன் டு", "ஹேண்ட் ஓவர் டு", "கம் அப் டு" எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு பிரிச்சே வைக்கிறது நல்லது. இந்த "டு" இன்ஃபினிட்டிவாவும் இருக்கலாம், அப்போ ஒட்டினா அர்த்தமே கெட்டுடும்: "லாக் இன் டு சீ யுவர் மார்க்ஸ்." மதிப்பெண் பார்க்க உள்ளே நுழையுங்கள்னு அர்த்தம். இங்க "இன்டு சீ"னு எழுதினா அது ஆங்கிலமே இல்ல.

இப்படி வினையும் துணுக்கும் சேர்ந்து பெயராகிறது ரெண்டு திசையில நடக்கும். புதுசா வந்தவை பெரும்பாலும் அதே வரிசை: "டேக் ஆஃப்" "டேக்காஃப்" ஆகும், "பிரேக் டவுன்" "பிரேக்டவுன்" ஆகும். பழசுல பல வரிசை திரும்பும்: "பிரேக் அவுட்" என்ற வினைக்கு "அவுட்பிரேக்", "டேக் இன்" என்பதுக்கு "இன்டேக்", "போர் டவுன்" என்பதுக்கு "டவுன்போர்". ரெண்டு திசையும் இருந்தா அர்த்தம் வேற: "லுக்கவுட்"னா காவல், "அவுட்லுக்"னா பார்வை அல்லது வாய்ப்பு நிலவரம். "பிரேக்கவுட்"னா சிறையிலிருந்து தப்பிப்பு, "அவுட்பிரேக்"னா நோய் கிளம்புறது. இதுக்குச் சோதனை கிடையாது, ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுக்கணும்.

இன்ஃபினிட்டிவே பெயருக்குள்ள போய் உட்காருறதும் உண்டு. "டு-டூ லிஸ்ட்", "ரெடி-டு-ஈட் மீல்", "ஹார்ட்-டு-ரீச் ஏரியா". பெயருக்கு முன்னால அடைமொழியா நின்னா இடைக்கோடு போட்டுக் கட்டணும். பெயருக்குப் பின்னால போயிட்டா கட்டை அவிழ்த்துடணும்: "தி மீல் இஸ் ரெடி டு ஈட்." உணவுப் பொட்டலத்துல ரெண்டும் தேவைப்படும், ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதி வச்சிடுறாங்க. "பிரைட்-டு-பி" மாதிரிச் சொல்லுக்குப் பன்மை "பிரைட்ஸ்-டு-பி", வால்ல "ஸ்" வராது. "பாஸர்-பை" பன்மை "பாஸர்ஸ்-பை" ஆகிறதும் அதே காரணம், மனுசங்கதான் பலர்.

மேடையில "வித்அவுட் ஃபர்தர் அடூ"னு சொல்றாங்களே, அந்த "அடூ"வும் ஒரு காலத்துல இன்ஃபினிட்டிவ்தான். வடக்கு இங்கிலாந்துப் பேச்சுல நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழித் தாக்கத்தால "டு"வுக்குப் பதிலா "அட்" வந்தது, "அட் டூ" ஒட்டி "அடூ" ஆச்சு. "அஃபேர்" என்ற சொல்லும் பழைய பிரெஞ்சுல "ஆ ஃபேர்", அதாவது "செய்ய". செய்யவேண்டியதெல்லாம் பெயரா உறைஞ்சு போறது புது வழக்கம் இல்லை.


செவி:

எழுத்தில் மறைவது காதில் தெளிவாகக் கேட்கும், அதனால் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

பெயரா வினையா என்பதை அழுத்தம் காட்டும். "பேக்கப்" பெயரானால் அழுத்தம் "பேக்" மேல். "பேக் அப்" வினையானால் அழுத்தம் "அப்" மேல் சாயும். இந்த வித்தியாசம் இல்லாமல் தட்டையாகச் சொல்வதால்தான் எழுதும்போதும் ஒட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

"-இங்" சேர்ந்த கூட்டுச்சொற்களிலும் இதே கணக்கு. "ஸ்லீப்பிங் பேக்" என்பதில் அழுத்தம் "ஸ்லீப்" மேல் மட்டும்: தூங்குவதற்கான பை. "ஸ்லீப்பிங் சைல்ட்" என்பதில் "சைல்ட்" மேலும் அழுத்தம்: தூங்குகிற குழந்தை. பை தூங்காது. "ரன்னிங் ஷூஸ்" ஓடுவதற்கான செருப்பு, "ரன்னிங் வாட்டர்" ஓடுகிற தண்ணீர். "-வதற்கான" என்று விரிந்தால் முதல் சொல்லில் அழுத்தம், "-கிற" என்று விரிந்தால் இரண்டாம் சொல்லிலும் அழுத்தம். "ட்ரிங்கிங் வாட்டர்", "வாஷிங் மெஷின்", "வெயிட்டிங் ரூம்" எல்லாம் முதல் வகை. "வாட்டர் ஃபார் ட்ரிங்கிங்" என்பதிலிருந்த ப்ரிப்பொசிஷன் காம்பவுண்டுக்குள் கரைந்துவிட்டது. நம் "குடிநீர்" போல. வித்தியாசம் என்னவென்றால், நாம் வினைத்தொகையில் வெறும் வேர்ச்சொல்லை வைக்கிறோம், ஆங்கிலம் இந்த இடத்தில் பெரும்பாலும் "-இங்" கேட்கிறது. அதனால் "ட்ரிங்க் வாட்டர்" என்று பெயர்ப்பலகையில் எழுதினால் அது "தண்ணீர் குடி" என்ற ஏவல்தான்.

"யூஸ்ட் டு" மூன்றில் முதல் இரண்டும் "யூஸ்ட்டு" என்று ஒரே மூச்சில், "ஸ்" காற்றொலியாக வரும். "பயன்படுகிறது" என்ற மூன்றாவதில் "ஸ்" இருக்கிற இடத்தில் ஜீப்ராவின் முதல் ஒலி, தொண்டை அதிரும்.

"ஹேவ் டு" அப்படியே. செய்தே ஆகவேண்டும் என்ற பொருளில் "ஹேஃப்டு". "தி புக்ஸ் ஐ ஹேவ் டு ரீட்" என்பதை "ஹேஃப்டு" என்றால் படித்தாகவேண்டிய புத்தகங்கள். "வ்" தெளிவாக ஒலித்து, சின்ன இடைவெளி விட்டு "டு ரீட்" என்றால் படிப்பதற்கு என்னிடம் இருக்கிற புத்தகங்கள்.

இரண்டு "டு"வைப் பிரிக்க இன்னொரு செவிச்சோதனை. பேச்சில் "கோயிங் டு" சுருங்கி "கன்னா" ஆவது இன்ஃபினிட்டிவ் வந்தால் மட்டும்தான். "ஐம் கன்னா ஈட்" உண்டு. "ஐம் கன்னா திருச்சி" கிடையாது, அங்கே "டு" ப்ரிப்பொசிஷன். வாக்கியத்தின் கடைசியில் தனித்து நிற்கும் "டு" ஒருபோதும் "ட" என்று தேயாது, முழுசாக "டூ" என்று ஒலிக்கும். "சம்ஒன் டு டாக் டு" என்பதைச் சொல்லிப் பாருங்கள், முதலாவது தேய்ந்தும் கடைசியது நிறைந்தும் வரவேண்டும்.


மாலைவகுப்பு:

மிக்க நன்றி, எல்லோருக்கும். ஐந்தாவது வாக்கியம் மட்டும் மீதம். "உள்ளே போக விடாமல் தடுத்தார்" என்பதில் "போக" இருப்பதால் "டு என்டர்" என்று எழுதுகிறார்கள். இதற்கும் தமிழ் வழியில் ஏதாவது பிடி இருக்கிறதா?


பிழைதிருத்தி:

பாதிப் பிடி உண்டு. தடுப்பது என்றால் ஒன்றிலிருந்து விலக்குவது. தமிழில் "-இலிருந்து" என்று யோசிக்கச் சொன்னால் "ஃப்ரம்" தானாக வரும்: "ப்ரிவென்டட் மீ ஃப்ரம் என்டரிங்." ஸ்டாப், டிஸ்கரேஜ், ப்ரொஹிபிட் மூன்றும் இதே கூட்டம். பிரிட்டிஷ் வழக்கில் ப்ரிவென்ட், ஸ்டாப் ஆகியவற்றுக்குப் பின் "ஃப்ரம்" இல்லாமலும் எழுதுவார்கள், "-இங்" மட்டும் போகாது. ஃபர்பிட் மட்டும் எதிர்க்கட்சி, அது "டு" கேட்கும்: "ஃபர்பேட் மீ டு என்டர்." அலவ், பெர்மிட், ஃபோர்ஸ் ஆகியவையும் "டு". மேக் ஒன்றும் கேட்காது, "மேட் மீ வெயிட்", ஆனால் செயப்பாட்டுவினை ஆனதும் "டு" திரும்பி வந்துவிடும், "ஐ வாஸ் மேட் டு வெயிட்."

மற்றவற்றை வினையோடு சேர்த்தே படிக்கவேண்டும்: "இன்சிஸ்ட் ஆன் கோயிங்", "சக்ஸீட் இன் கெட்டிங்", "திங்க் ஆஃப் லீவிங்". வினை பெயரானால் என்ன ஆகும் என்பதில் கொஞ்சம் ஒழுங்கு தெரிகிறது. "டிசைட் டு" என்பது "டிசிஷன் டு" ஆகும். "ரெஃப்யூஸ் டு", "ரெஃப்யூஸல் டு". "அட்டெம்ப்ட் டு" இரண்டிலும் அதே. ஆனால் "ஹோப் டு" பெயரானதும் "ஹோப் ஆஃப் வின்னிங்" ஆகிவிடும். "ஏபிள் டு டூ", "கேப்பபிள் ஆஃப் டூயிங்" இரண்டுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்று, அமைப்பு முற்றிலும் வேறு. விண்ணப்பக் கடிதத்தில் "ஐ அம் கேப்பபிள் டு ஹேண்டில்" என்று பார்த்தால் இதைக் காட்டுங்கள். "எக்ஸ்பீரியன்ஸ் இன் டீச்சிங்", "இன்ட்ரெஸ்டட் இன் ஜாயினிங்", "மெத்தட் ஆஃப் டெஸ்டிங்" ஆகியவையும் அதே கடிதத்தில் வரும். மூன்றிலும் "டு" கிடையாது.

ப்ரிப்பொசிஷனுக்குப் பின் "-இங்"தான் என்ற விதிக்கு விலக்கு கேட்டால் மூன்றைச் சொல்லுங்கள். "அபவுட் டு லீவ்" என்பது ஒன்று. "பட்", "எக்செப்ட்" மற்ற இரண்டு: "ஐ ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெயிட்", "ஐ டிட் நத்திங் பட் வெயிட்." முன்னால் "டூ", "டிட்" என்ற வினை வந்திருந்தால் பின்னால் "டு" விழுந்துவிடும், வராவிட்டால் நிற்கும்.


செய வாய்பாடு:

ஒரு சின்னச் சேர்க்கை. "கார்ட் தடுத்தார்" வாக்கியத்தைத் திருத்தும்போது "அலவ்" வைத்தும் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்: "தி கார்ட் டிட் நாட் அலவ் மீ டு என்டர்." தமிழில் "போக விடவில்லை" என்பதில் உள்ள "போக" இங்கே நேராக "டு என்டர்" ஆகிறது. "போவதைத் தடுத்தார்" என்று "-வதை" வந்தால் "ஃப்ரம் என்டரிங்". தமிழ் வாக்கியத்தை எப்படித் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து ஆங்கில வினையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.